மாடியில் படுத்திருக்கும் ராஜா

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ராஜா செத்துக் கிடக்கிறார். அவரை வெளியே எடுக்க வழியில்லை. படம் சுவர் அகலம், கதவு ஆள் அகலம். உள்ளே போகும்போது கட்டையாகவும் துணியாகவும் போனது, ரூமுக்குள்ளேயே ஆணி அடித்துப் படமாகிவிட்டது. சுருட்டி எடுக்கலாமே என்று கேட்டதற்கு, சுருட்டினால் வர்ணம் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் அதை வரைந்த மனிதர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற ஜனங்கள் அடி அண்ணாமலையில் ஒரு ரூம் கிடைக்காதா என்று அலைகிறார்கள். எங்கள் மாடி பூட்டிக் கிடக்கிறது. பிணம் கிடக்கிற ரூமில் யார் வந்து படுப்பார்கள், சொல்லுங்கள்.

வரைந்தவர் ஸ்வீடன்காரர், வருவதற்கு முன்பே தமிழ் பேசப் படித்துக்கொண்டு வந்தவர். பேர் வேண்டாம். அவர் இருந்த காலத்திலேயே நான் அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் திருத்தினார், இப்போது எழுத்தில் தப்புப் பண்ணி வேறு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. இந்த ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் தியானம் பண்ண வருகிறவர்கள். கண்ணை மூடி உட்காருவார்கள், தயிர்சாதம் கேட்பார்கள், சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போவார்கள். எனக்கு வாய்த்தது கண்ணையே மூடாத ஆள்.

சரித்திரப் படம் வரைவது அவர் தொழில். அவர் நாட்டு ராஜாக்கள் ஜெயித்தது, தோற்றது, செத்தது எல்லாவற்றையும் சுவர் அளவுக்கு வரைவாராம். போனில் காட்டினார். ஒரே பனி. அதில் ஒரு சிப்பாய் மல்லாந்து கிடக்கிறான். அது அவருடைய சிநேகிதராம். நிஜப் பனியில் நிஜமாகவே படுக்கவைத்து வரைந்திருக்கிறார். அந்த ஆளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

"ஐயோ பாவமே" என்றேன்.

"ஆமாங்க. ஆனா பனி சரியா வந்துச்சு" என்றார்.

இன்னொரு படத்தில் ஒரு ராணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அது பெண்சாதி. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அம்மாவைக் கையைத் தூக்கியபடியே நிற்கவைத்தாராம். வசந்தம் வந்ததும் அவள் கிளம்பிப் போய்விட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. இதையும் சொல்லிவிட்டு, "கை சரியா வந்துச்சுங்க" என்றார். இப்படிப்பட்ட மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேச?

இவர் எங்கள் தலையில் விடிந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு தைப்பூசத்தன்று பஸ் ஸ்டாண்டில் இந்த மனிதரை ஏற்றிக்கொண்டு வரும்போது, தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பி வருகிறது. வழியெல்லாம் மேளம். திடீரென்று மேளம் நின்றுவிட்டது. சாமி சத்தமில்லாமல் கோயிலைப் பார்க்கப் போகிறது. இவர் ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, ஏன் என்று கேட்டிருக்கிறார்.

"ராஜா செத்துட்டாரு சார். இப்பதான் சாமிக்குச் சேதி வந்துச்சு."

"எந்த ராஜா?"

"வல்லாள மகாராஜா. அது ஆச்சு பல நூறு வருஷம். ராஜாவுக்குப் பிள்ளை கிடையாது சார். நான் பிள்ளையா இருக்கேன்னு அண்ணாமலையாரே சொல்லிட்டாரு. வருஷா வருஷம் சேதி வரும். மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு ஆத்துக்குப் போய்ச் சாமியே திதி குடுப்பாரு."

நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அந்த மனிதர் ஆட்டோவைவிட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு நடுத்தெருவில் நின்றுவிட்டார். "எங்க ஊர்ல ராஜா செத்தா அடுத்த வாரமே மறந்துடுவாங்க. நான் வரைஞ்சு வரைஞ்சு ஞாபகப்படுத்தினேன். அப்பவும் மறந்துட்டாங்க" என்று சொன்னாராம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரர் அவரை, தெருவில் கிடந்த நாய்க்குட்டியைக் கொண்டுவருகிற மாதிரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மாடி சும்மாதானே கெடக்குது" என்றார். அதற்கப்புறம் அது சும்மா கிடக்கவே இல்லை.

அந்த ராஜா செத்த அன்றைக்கு ஊர் எப்படி இருந்திருக்கும், அதைத்தான் வரையப் போகிறேன் என்று உட்கார்ந்தார். ராஜா செத்தது இங்கே இல்லை, வேறெங்கேயோ போரில் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தார். அப்புறம் அவரே சமாதானம் ஆனார். "இவ்ளோ காலமா ஊர் துக்கம் காக்குதுன்னா, அந்தத் துக்கம் நடந்ததுதானே? நான் அதை வரையறேன்." சரி, வரை. யார் வேண்டாம் என்றது? ஆனால் இவர் நம்மைப்போல ஒரு காரியத்தை உட்கார்ந்தோமா முடித்தோமா என்று செய்கிற ஜாதி இல்லை. எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இது அப்போ இருந்துதா?"

மிளகாய்ச் சட்னி வைத்தேன். "அந்த ராஜா காலத்துல மிளகாய் கிடையாதுங்க" என்றார். தக்காளியும் கிடையாதாம். உருளைக்கிழங்கும் கிடையாதாம். சாப்பிடுகிறாரா என்றால், எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே கிடையாது கிடையாது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ராஜா காலத்துல நானும்தான் கிடையாது சார். தட்டைக் குடுங்க" என்று பிடுங்கியிருக்கிறேன்.

அவருக்குக் கண்ணால் பார்க்காமல் ஒரு கோடு இழுக்க வராது. படத்தில் அழுகிற ஜனம் வேண்டும் என்றால், அழுகிற ஜனம் எதிரே நிற்க வேண்டும். தெருவில் பாதிப் பேரை மாடியில் நிற்கவைத்தார். நிற்கிறவர்களின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார், சேஃப்டி பின்னைப் பிடுங்கச் சொன்னார். ஆரணியிலிருந்து கைத்தறி வாங்கி வந்து கட்டச் சொல்லி, அதில் கரை தப்பு என்று திருப்பி அனுப்பினார். எதிர்வீட்டு சரோஜாக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுவதைப்போல நின்றது. ஒப்பாரி வைக்கிறதில் அக்கா கெட்டிக்காரி. ஆனால் ஒரே மாதிரி நிற்கச் சொன்னால்?

"கையை இறக்காதீங்க" என்றார் இவர்.

"கை மரத்துப்போச்சு சார். செத்தவனே எழுந்து போயிருப்பான் இந்நேரம்" என்றது அக்கா.

கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் ஒருவர், விஷயம் கேள்விப்பட்டுப் படம் பார்க்க வந்தார். நல்ல மனிதர். "சுவாமியை மனுஷ ரூபமா, புத்திரனா நிக்கற மாதிரி போடுங்கோ. பார்க்க நன்னா இருக்கும்" என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டார். "நான் பார்த்தது பல்லக்குங்க. பல்லக்குதான் போடுவேன்." குருக்கள் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? காபி குடிக்கிறீங்களா சாமி என்று கேட்டேன்.

இப்படியே பல்லக்கு வந்தது, மலை வந்தது, ஜனம் வந்தது. நடுவில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. ராஜா படுக்க வேண்டிய இடம். அதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அழ ஆள் வரும், பிணமாகப் படுக்க எவன் வருவான்? கூலி தருகிறேன் என்றாலும் ஒருவனும் மசியவில்லை. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் சரி என்று வந்தார். எல்லாவற்றையும் துறந்தவர், பயமில்லை என்றார். நெற்றியில் காசை வைத்ததும் அந்தச் சாமியார் படியில் இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவோட்டை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூரில் காட்டினோம். ரத்தக்குழாயில் அடைப்பு, ஆபரேஷன் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றார்கள். பங்குனியில் வரச் சொன்னார்கள். அதுவரை ஆட்டோவைத் தொடக் கூடாது, மாடிப்படி ஜாஸ்தி ஏறக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். நான் வேண்டாத தெய்வம் இல்லை. மலையைப் பார்த்தால் கும்பிடுவேன், மலை தெரியாத இடத்தில் அது இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவேன். என் மகள் சென்னையிலிருந்து தினமும் போன் பண்ணி, "ஒண்ணும் ஆகாதும்மா, இப்பல்லாம் சாதாரண ஆபரேஷன்" என்பாள். சாதாரணம் என்றால் ஏன் தினமும் போன் பண்ணுகிறாய் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. மாத்திரை போடுகிற வேளை. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமில்லை. மோர் டம்ளரோடு மாடிக்குப் போனேன்.

என் புருஷன் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். தலை தெற்கே. கழுத்தில் மாலை. தாடையைச் சேர்த்து வாய்க்கட்டு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. தலைமாட்டில் விளக்கு எரிகிறது. நெற்றியில் காசு.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதுதான். சரோஜாக்கா கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தது. பின்னாலேயே தெரு வந்தது. "இன்னாடி ஆச்சு, இன்னாடி ஆச்சு" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைப் பார்த்ததும் அதுவும் குரலெடுத்தது. அந்தச் சத்தத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. காசு உருண்டு விழுந்தது. வாய்க்கட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "தூங்கிட்டேன்டி. இங்க காத்து நல்லா வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஸ்வீடன்காரர் என்ன செய்தார் தெரியுமா? காசைத் தேடிக் குனிந்தார். அது பழைய செப்புக் காசு. ஒரு ரூபாய்க் காசு அந்தக் காலத்தில் கிடையாது என்று கோயில் பக்கத்துக் கடைகளில் அலைந்து வாங்கியதாம். படுக்கவைக்கிற முறையெல்லாம் யார் சொன்னது என்று அப்புறம் விசாரித்தால், சரோஜாக்கா! "எப்படிக் கெடத்துவீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். உன் வூட்டுக்காரனையே கெடத்துவாருன்னு நான் கண்டனா?" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறது.

நான் படத்தைப் பார்த்தேன். காலிக் கட்டிலில் ராஜா வந்து படுத்துவிட்டார். என் புருஷன் முகம், அச்சு அசல். உதட்டுக்குக் கீழே அந்த மச்சம்கூட இருக்கிறது. அந்த முகத்தில் உயிர் இல்லை. மத்தியானத் தூக்கத்தைச் சாவாக மாற்றி வைத்திருந்தார்.

"அழிங்க" என்றேன்.

"இல்லைங்க. முகம் சரியா வந்திருக்கு. இந்த மாதிரி முகம் எனக்கு இனிமே கிடைக்காது."

"யோவ், எனக்கும்தான்யா கிடைக்காது!"

அவருக்கு அது புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்று அந்த முகம் போக வேண்டும், இல்லை நீங்கள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நான் போறேங்க. முகம் இருக்கட்டும்" என்றார். என்ன திமிர் பாருங்கள். மறுநாள் பெட்டியெல்லாம் கட்டிவிட்டார். படத்தைத் தூக்கினால் கதவில் நுழையவில்லை. பெட்டியை அவிழ்த்துவிட்டார்.

நான் சோறு போடுவதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் தன் தட்டிலிருந்து எடுத்துத் திருட்டுத்தனமாக மேலே கொண்டுபோனார். "விடுடி, அவரு தொழில் அது. ராஜாவாத்தானே போட்டிருக்காரு, பிச்சைக்காரனாவா போட்டாரு?" என்று இவர் வேறு. ராத்திரியானால் இந்தப் பக்கம் இவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். தலைக்கு மேலே இவரே செத்துக் கிடக்கிறார். எப்படித் தூக்கம் வரும்?

வேலூருக்குக் கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மேலே போய் நின்றேன். இந்தத் தடவை கத்தவில்லை. "சார், நாளைக்கு இவரைக் கூட்டிட்டுப் போறேன். நெஞ்சைப் பிளந்து பண்ற ஆபரேஷன். இவரு முகத்தைப் பொணத்து மேல வச்சுட்டு நான் எப்படி சார் படியெறங்குவேன்?" என்று கேட்டேன்.

"அது வெறும் படம்தாங்க" என்றார் மெதுவாக.

"வெறும் படம்னா அழிச்சுடுங்களேன்."

என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் என் நிலைக்கண்ணாடியைக் காணோம். என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மாடிக்குப் போயிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

காலையில் கார் வந்து நின்ற பிறகு, ஒரு நிமிஷம் மேலே வாங்க என்று ஸ்வீடன்காரர் கூப்பிட்டார். என் மகளும் வந்திருந்தாள். மூன்று பேரும் போனோம். ஃபேன் மாட்டுகிற கொக்கியில் கயிறு போட்டு, என் கண்ணாடியைக் கட்டிலுக்கு நேர்மேலே படுக்கைவசமாகத் தொங்கவிட்டிருந்தார். ராத்திரி அவரே அதில் படுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தாராம். படத்தில் என் வீட்டுக்காரர் முகம் இல்லை. கத்தியால் சுரண்டி எடுத்த வர்ணம் காகிதத்தில் குவித்துக் கிடந்தது. ராஜா இருந்த இடத்தில் வெயிலில் சிவந்த ஒரு மூக்கு, வெள்ளைத் தாடி, மஞ்சள் புருவம். கழுத்தில் மாலை, நெற்றியில் செப்புக் காசு. சுற்றி நம் ஜனங்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ, நடுவில் ஸ்வீடன்காரர் செத்துக் கிடக்கிறார்.

"இன்னா சார் இது? வல்லாள ராஜா வெள்ளைக்காரனா?" என்றேன்.

"தப்புதாங்க" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அப்போதுதான். "தெரிஞ்சே போட்ட தப்பு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "தாடிக்காவது கறுப்பு அடிச்சிருக்கலாமே சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது வாஸ்தவம். ஆனால் இறங்கியது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணெதிரே தெரிகிறதே. "ஏன் சார், நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நான் படுத்தா கத்தறதுக்கு ஆள் இல்லைங்க. அதனால ஒண்ணும் ஆகாது."

மிளகாய் அந்தக் காலத்தில் கிடையாது என்பாரே, அதே குரலில் சொன்னார். வருத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. தகவல். எனக்கு வந்த கோபத்தில் அவரை ஓர் அறை விடலாம்போல இருந்தது. கீழே கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணாமலையார் புண்ணியம், டாக்டர்கள் புண்ணியம். இப்போது என் வீட்டுக்காரர் என்னை எதிர்த்துப் பேசுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார். ஸ்வீடன்காரர் வெயில் தாங்காமல் சித்திரையில் ஊருக்குப் போனார். படத்தில் மேளக்காரர்கள் மட்டும் பாக்கி. மேளத்தை நிறுத்துகிற அந்த நொடியில் அவர்கள் கை எப்படி இருக்கிறது என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். "தைப்பூசத்துக்கு வரேங்க" என்றார். என் கண்ணாடியைத் திருப்பி மாட்டினார். கோணலாக.

அதற்கப்புறம் மாடியில் படம் பார்க்க வருகிறவர்களிடம் நான் பட்ட பாடு! ஒரு காலேஜ் வாத்தியார் வந்து, ராஜா முகம் சரித்திரப்படி தப்பு என்று எனக்குப் பாடம் எடுத்தார். "எங்க ராஜா அப்படித்தான் சார் இருந்தாரு. நீங்க பார்த்தீங்களா?" என்று அனுப்பிவைத்தேன். மேளக்காரர்களுக்கு இன்னும் கை இல்லை. மேளம் மட்டும் தொங்குகிறது.

தைப்பூசம் வந்தது. அவர் வரவில்லை. மேளம் நின்றதைப் போனில் எடுத்து என் வீட்டுக்காரர் அனுப்பினார். பதில் இல்லை. "மனுஷனுக்கு மரியாதை தெரியுதா பாரு" என்று திட்டிக்கொண்டிருந்தேன். மாசியில் ஒரு காலை, நான் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருக்கிறேன், லீவுக்கு வந்திருந்த மகள் பக்கத்தில் இருக்கிறாள். அவர் நம்பரிலிருந்து வீடியோ கால். எடுத்தால் ஒரு வயதான அம்மா. அதே சிவந்த மூக்கு. அக்காவாம். மகள் இங்கிலீஷில் பேசினாள். பேசப் பேச அவள் குரல் இறங்கியது. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, சார் போயிட்டாராம்மா. தூக்கத்துலயே."

நான் கத்திவிட்டேன். மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். அன்றைக்குக் கத்தினேனே, அதே கத்தல். சரோஜாக்கா வந்தது, பின்னாலேயே தெரு வந்தது. "ஐயோ, அண்ணனுக்கா? இன்னாடி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்த அக்கா, வாசலில் என் வீட்டுக்காரர் முழுசாக நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போய், "அப்புறம் யாருக்குடி?" என்றது.

"மாடிக்காரருக்குக்கா."

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து குரலெடுத்தது. இந்தத் தடவை கையை இறக்காதீங்க என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு மாடியைத் திறந்து போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார், நெற்றியில் அந்தக் காசு. எனக்கு அழுகையை மீறிக் கோபம்தான் வந்தது.

"எல்லாம் சரியாத் தெரிஞ்ச மாதிரி பேசுவீங்களே சார்" என்றேன். "கத்தறதுக்கு ஆள் இல்லைன்னு சொன்னீங்களே. தெருவுக்கே கேட்டுச்சு."